தொப்பி வீட்டுக்கு எது வாசல்?

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானே என் கையால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஓர் எழுத்து குண்டாக இருக்கும், அடுத்தது பட்டினி கிடந்தது போல இருக்கும். வரி மேலே ஏறிவிட்டுத் தானாகக் கீழே இறங்கும். பொறுத்துக்கொள். ஆயுசெல்லாம் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் தூக்கிய கை இது. பேனா கனமாக இல்லை, அதுதான் சிக்கல். கனமில்லாத சாமானை எப்படிப் பிடிப்பது என்று இந்தக் கைக்குத் தெரியவில்லை.

மீன் ஏலக் கூடத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பது ஒரு பஸ் கண்டக்டர் பெண். வேலை முடிந்து, தோள்பையைக் கழற்றாமலே வந்து நிற்பாள். நல்ல பொறுமை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டமாட்டேன், குடும்ப விஷயம் என்றேன். "ஏறுறவங்களுக்கு டிக்கெட் கொடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது ஐயா. எங்க போறீங்கன்னு கேக்கலாம், எதுக்குப் போறீங்கன்னு கேக்கமாட்டேன்" என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இத்தனை வருஷமும் மருந்துக்கடைக்காரர்தான் எனக்காக எழுதினார். தங்கமான மனுஷர். ஆனால் 'மழை பெய்யுது, உடம்பைப் பாத்துக்க' என்று நான் சொன்னால் அவர் அரைப் பக்கம் அலங்காரம் செய்வார். கடையில் இருமலும் காய்ச்சலுமாக நாலு பேர் நிற்கும்போது நம் சங்கதியை நான் எப்படிச் சொல்வது? அதனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டேன். இப்போது கேட்கிறேன். புயலில் வீட்டுக் கூரை போனதும் ஓடி வந்தாயே, மறுநாள் விடிந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனாயே, ஏன்?

அது இருக்கட்டும். இப்போது நல்ல சேதி. கூரை போனவர்களுக்கெல்லாம் புது வீடு கட்டித் தருகிறார்கள். நம் மனை உன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது, அதனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன். மூன்று மாதிரிப் படங்கள் காட்டினார்கள், அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு வீடுகள் எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியுமே. முகவரி படிக்கத் தெரியாது. கேஸ் கடையில் ஆள் பெயரைச் சொன்னால், எந்த வீடு என்று முகத்தைப் போல அதை ஞாபகம் வைத்துக்கொள்வேன். ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. சாய்ப்பின் நுனி இரண்டும் வளைந்து நிற்பது மீசை வீடு. கப்பலில் வேலை பார்த்தவர் வட்ட ஜன்னல் வைத்துக் கட்டியது முழிச்சான் வீடு. அதேபோல இந்த மூன்று படத்துக்கும் பெயர் வைத்துவிட்டேன்.

முதல் படம் பெட்டி வீடு. தட்டையான கான்கிரீட் கூரை, நாலு மூலையும் கத்தரித்தது போல. புயலுக்கு அசையாது. ஆனால் வெயில் காலத்தில் அந்த மாதிரி வீட்டுக்குள் சிலிண்டர் கொண்டு போனால் வாணலிக்குள் இறங்கியது போல இருக்கும். சுவரைத் தொட்டால் கை சுடும். அந்த வீட்டுக்காரர்கள் பாவம், இரவில்தான் கொஞ்சம் மனுஷராக இருப்பார்கள்.

இரண்டாவது தொப்பி வீடு. நாலு பக்கமும் ஓட்டுச் சாய்ப்பு, சுவரைத் தாண்டி நன்றாக இறங்கியிருக்கும். வெயிலும் மழையும் சுவர் மேல் விழாது. சுற்றிலும் நிழல். சிலிண்டரை இறக்கிவிட்டு அந்த நிழலில் நின்று தலைத் துண்டை அவிழ்த்தால், காற்று வந்து பிடரியைத் தடவும்.

மூன்றாவது கொக்கு வீடு. தூண்கள் மேல் நிற்கிறது. வெள்ளம் அடியிலே ஓடிவிடும். காற்றும் அடியிலே ஓடும், தரை சில்லென்று இருக்கும். ஆனால் படி, பாப்பா! அந்தப் படிகளில் சிலிண்டரோடு ஏறியவன் அந்த வீட்டை அழகு என்று சொல்லமாட்டான்.

உனக்கு எது பிடிக்கும்? உனக்கும் விடுதிச் சமையல் வேலை மே மாதக் கடைசியோடு முடிகிறதே. இங்கே வந்துவிடு. பெரிய எழுத்தாக எழுது. சேர்த்துச் சேர்த்து எழுதாதே, என்னால் பிரிக்க முடியாது.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் இரண்டு நாள் தன் மேஜையில் வைத்திருந்தார். உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து, விடுதிப் பிள்ளை யாருக்கோ அவள் குட்டித் தம்பி எழுதியது என்று நினைத்தாராம். பிறகுதான் என் பெயரைக் கண்டுபிடித்தார்.

படித்தேன். இரண்டு தடவை. கையெழுத்து புரியாததால்தான் இரண்டாவது தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் போனாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே உங்களுக்கு மறந்துபோனதால்தான் என்று நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சரி, சொல்கிறேன். அன்றைக்கு நான் மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். கூரை இல்லாத வீட்டின் முன்னால் தெருவே நின்றது. என்னைப் பார்த்ததும் நீங்கள் எல்லாரிடமும் என்ன சொன்னீர்கள்? "பாப்பா வந்துட்டா. இனி எனக்கு சாப்பாட்டுக் கவலை இல்லை!" எல்லாரும் சிரித்தார்கள். உடனே ஒருவர் அண்டாவைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். அன்று இரவு தெருவுக்கே சமைத்தேன். அதில் எனக்குக் குறையில்லை, பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தபோது ஒன்று தெரிந்தது. இங்கே கரண்டி, அங்கேயும் கரண்டி. கரண்டி பிடிப்பதற்கு விடுதியிலேயே இருக்கலாமே, அங்கே ஞாயிறு மதியம் விடுமுறையாவது உண்டு.

நான் வரவில்லை. விடுதியில் துணி வெளுக்கும் அக்கா சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். பக்கத்து அறை காலியாகிறது. கொதிகலன் சுவரை ஒட்டிய அறை, இந்த மலைக் குளிருக்கு முதுகை அதில் சாய்த்தால் சொர்க்கம். வேலை முடிந்ததும் அங்கே போய்விடப் போகிறேன். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்த வீடு என்ற இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன்: பெட்டி வேண்டாம், வெந்துபோவீர்கள். கொக்கு வேண்டாம், உங்கள் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது. தொப்பி பார்க்க அழகுதான். ஆனால் ஓடு காற்றில் பறக்காதா என்று கேளுங்கள். ஒரு கூரை பறந்து பார்த்தது போதும்.

கையெழுத்து அவ்வளவு மோசமில்லை.

தங்கை


பிப்ரவரி 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பாப்பா வந்துட்டா' என்ற வரியில் பாதிக்கு வந்தபோதே என் குரல் என் காதில் விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் உளறியிருக்கிறேன். சுள்ளென்று இருந்தது. ஆனாலும் எழுதினாயே, அதற்கு உனக்கு நன்றி. நீ மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்திருந்தால், சேறும் சகதியும் பிடிக்காமல் போய்விட்டாய் என்றே நான் சாகும்வரை நினைத்திருப்பேன்.

வரமாட்டேன் என்று நீ எழுதியதையும் படித்துவிட்டேன். நல்லவேளை, எனக்கு இன்னும் வேகமாகப் படிக்க வராது. அந்த இடத்துக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை சந்தோஷமாக இருந்தேன்.

தொப்பி வீட்டையே எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டா போதும். இதென்ன 'தொப்பி'ன்னு எழுதியிருக்கீங்க?"

"இப்ப எழுத வருதுங்க. அதான் எழுதினேன்."

அவர் சிரித்துவிட்டு அதன் பக்கத்தில் இரண்டு என்று போட்டுக்கொண்டார். ஓடு பறக்காதா என்று நீ சொன்னதைக் கேட்டேன். இப்போதெல்லாம் ஓடுகளைக் கம்பி போட்டுச் சட்டத்தோடு கட்டிவிடுகிறார்களாம். "காத்து வந்து வேணும்னா வீட்டோட பேசிட்டுப் போகலாம், ஓட்டைத் தூக்கிட்டுப் போக முடியாது" என்றார்.

இருந்தாலும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று, மேட்டுத் தெருவில் இருக்கும் நிஜமான தொப்பி வீட்டுக்குப் போனேன். புயலில் ஓர் ஓடுகூட நகரவில்லை. அந்த வீட்டம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்ன சிலிண்டர்காரரே, வெறுங்கையோட வந்திருக்கீங்க? பாக்கவே வித்தியாசமா இருக்கு."

"வீட்டைப் பாக்க வந்தேன்மா. நாங்களும் இதே மாதிரிதான் கட்டப் போறோம்."

"இத்தனை வருஷமா வந்தீங்களே, அப்ப பாக்கலையா?"

"அப்ப தோள்ல சிலிண்டர் இருந்துச்சு. காலைப் பாத்துத்தான் நடப்பேன்."

சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்தார். சமையல்கட்டு முழுவதையும் பார்த்தேன். மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கும் இடம் உயரம் போதாது, சாய்த்துத்தான் தள்ள வேண்டும், அது ஒன்றுதான் குறை. புகை போக மேலே இரண்டு துளை வைத்திருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலேயும் சாய்ப்பு இறங்குகிறது, மழையிலும் நனையாமல் தேய்க்கலாம். கிணற்றடி நாலே எட்டு. பின்னால் ஒரு கல் கிடக்கிறது, அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அருமையான வீடு, பாப்பா. திரும்பி வரும்போது காரணமில்லாமல் எனக்கே சிரிப்பு வந்தது. எத்தனை பேர் என்னை வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள்! எத்தனை பேர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்! அப்போது அவசரத்தில் யாருக்கும் சரியாக நன்றி சொல்லவில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். நீ வந்துவிடேன்.

அண்ணன்


மார்ச் 8

அண்ணனுக்கு,

'நீ வந்துவிடேன்' என்று கடைசி வரியில் எழுதிவிட்டுப் பேசாமல் உறையை ஒட்டிவிடுகிறீர்கள். கடன்காரன் வாசலில் உட்காருவது போல இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அந்த வரி வேண்டாம்.

தொப்பி வீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம் தேய்க்கும் இடம், புகைத் துளை, கிணறு, பின்னால் கிடக்கும் கல். சரி, அந்த வீட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டா இல்லையா? கூடம் எப்படி இருக்கிறது? உட்காரும் இடத்திலிருந்து கடல் தெரியுமா? ஒரு வார்த்தை இல்லை. போன கடிதத்திலும் இப்படித்தான். சலவை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் ஆனையைப் பாக்கப் போயி வாலை மட்டும் பாத்துட்டு வந்த ஆளு போலிருக்கே" என்றாள்.

ஆனால் எனக்கு மட்டும் என்ன தெரியும்? இந்த விடுதிக்கு அழகான முன்வாசல் இருக்கிறது, படத்தில் போடுவார்கள். நான் அதன் வழியாக நுழைந்தது வேலை கேட்டு வந்த அன்று மட்டும். என் சமையல்கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் விறகுக் கொட்டகையின் சுவர். மழையில் அந்தச் சுவரில் பாசி பிடிக்கும், வெயிலில் உதிரும். அதை வைத்துத்தான் என்ன மாதம் என்று தெரிந்துகொள்வேன். வெளியே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்கிறார்கள். இருக்கும். அரிசி வெந்துகொண்டிருக்கும்போது யார் போய்ப் பார்ப்பது?

உங்களுக்கு ஒரு கூடம் கிடைக்கட்டும். நல்ல கூடமாக, கடலைப் பார்த்து, காற்று வரும்படி கட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் தூக்கியது போதும், காலை நீட்டி உட்காருங்கள். நான் எப்போதாவது வந்தால் பார்த்துவிட்டுப் போகிறேன்.

தலைவலித் தைலம் அனுப்பியிருக்கிறேன். எழுத்துக்கூட்டினால் கண் வலிக்கும்.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

தைலம் கிடைத்தது. இப்போது அதற்கு நல்ல வேலை வந்திருக்கிறது.

கடல் தெரியுமா என்று கேட்டாயே. தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

உன் கடிதம் வந்த அன்று கொத்தனார் மனையில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வரவில்லை, அவர் மகளுக்குப் பிரசவம். கொத்தனார் படத்தை விரித்து என் கையில் கொடுத்தார். "பெரியவரே, உங்களுக்குத்தான் படிக்க வருமே. வாசல் எதுன்னு காட்டுங்க, அதைக் கடல் பக்கம் வச்சு கோடு போட்டுடறேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு பெருமை! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். 'சமையலறை' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதை ஒட்டி ஒரு கதவு போட்டிருந்தது. வேறொரு பக்கத்திலும் ஒரு கதவு இருந்தது. ஆனால் என் விரல் யோசிக்கவேயில்லை. "இதுதான் வாசல்" என்று சமையலறைக் கதவின் மேல் வைத்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு கோடு போட்டார். வேலைக்காரர்களும் சுறுசுறுப்பானவர்கள். அஸ்திவாரம் முடிந்து, சுவரும் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நான் தினமும் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

நேற்று மேற்பார்வையாளர் வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், கையில் மிட்டாய். வீட்டைப் பார்த்தார். கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது.

"யாருய்யா கோடு போட்டது? சமையல்கட்டு கடலைப் பாத்து நிக்குது! கூடம் பின்னாடி சந்துப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு!"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் மிட்டாயைப் பார்த்தேன்.

"பெரியவரே, இது பின்வாசல். வாசல்னு எப்படிங்க காட்டினீங்க?"

"நான் போன வீட்டுலயெல்லாம் அதுதாங்க வாசல்" என்றேன்.

நிஜமாகவே அப்படித்தான், பாப்பா. சிலிண்டர்காரனை யார் கூடத்து வழியாக விடுவார்கள்? விடாதது தப்பும் இல்லை, என் காலெல்லாம் சேறு. ஆனால் வீடு என்றாலே இந்தக் கண்ணுக்குப் பின்னாலிருந்துதான் தெரிகிறது. சலவை அக்கா சொன்னது சரி. வாலைப் பிடித்துக்கொண்டு அதையே தும்பிக்கை என்று சொல்லிவிட்டேன்.

தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? மேற்பார்வையாளர் நல்ல மனுஷர், திட்டவில்லை. தான் வராததும் ஒரு காரணம் என்றார். இடித்துவிட்டுத் திருப்பிக் கட்டலாமாம். ஆனால் மழைக்கு முன்னால் கூரை ஏறாது. இல்லை, இப்படியே மேலே கட்டுவதென்றால், மனைக்காரர்கள் இரண்டு பேரின் சம்மதமும் வேண்டுமாம்.

எனக்கு எதுவானாலும் சரி. கூடத்தில் உட்காரக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இடம் உன்னுடையதும்தான். நீ சொல்லும்வரை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அந்த வரியை எழுதவில்லை, பார்த்தாயா?

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

சமையல்கூடத்தில் நின்றே உங்கள் கடிதத்தைப் படித்தேன். 'நான் மிட்டாயைப் பார்த்தேன்' என்ற இடத்தில் சிரிப்பு வந்து, பால் பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் கையில் பால் பொங்கி வழிந்தது இதுதான் முதல் தடவை. காய் நறுக்கும் பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். கண்ணீர் வரச் சிரித்தேன்.

இடிக்காதீர்கள். ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். சம்மதம் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள்.

சிரித்து முடித்துவிட்டு, விறகுக் கொட்டகைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் இத்தனை மாதிரி வீடு கட்டியிருக்கிறார்களே. பெட்டி, தொப்பி, கொக்கு, மீசை. வெயிலுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அடுப்படி மட்டும் பின்னால்தான். நாள் முழுவதும் வீட்டில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குச் சுவர். எப்போதாவது வந்து உட்காருகிறவர்களுக்குக் கடல். உங்கள் விரல் தப்பாகப் பட்டதால் ஒரு வீடாவது மாறி நிற்கிறது. இருக்கட்டும்.

ஆனால் அண்ணா, உங்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடலைப் பார்த்தாலும் சமையல்கட்டு சமையல்கட்டுதான். கம்பி தங்கமாக இருந்தாலும் கூண்டு கூண்டுதானே. அங்கே யார் நிற்கப் போகிறார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு நின்று நின்று குதிகால் போய்விட்டது. கால் ஊன்றினால் கண்ணாடித் துண்டு குத்துவது போல இருக்கிறது. நல்ல ஜன்னலாகப் போட்டுக் கொடுத்தால் நான் வந்து நின்றுவிடுவேன் என்று நினைத்தால், வேண்டாம்.

சலவை அக்காவுக்கு மாதக் கடைசியில் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் அவள் கேட்டாள், "கொதிகலன் சுவர் வேணுமா, கடல் காத்து வேணுமா?"

தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

சம்மதத் தாளைக் கொடுத்துவிட்டேன். வேலை நடக்கிறது. சமையல்கட்டு ஜன்னலை அகலமாக்கச் சொன்னேன். வாசல்தான் மாறிப்போயிற்று, ஜன்னலாவது பெரிதாக இருக்கட்டும் என்றார் மேற்பார்வையாளர்.

யார் நிற்கப் போகிறார்கள் என்று கேட்டாய். நான் எழுதாமல் விட்டது எனக்கே தெரியாததால். இப்போது தெரியும், எழுதுகிறேன்.

முந்தாநாள் கொத்தனார் சமையல் மேடை கட்ட அளவு கேட்டார். நான் நெட்டை, நீ குட்டை, உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வழக்கமான உயரந்தானே பெரியவரே?"

"இல்லப்பா. எனக்கு அளவெடு." போய் அந்த இடத்தில் நின்றேன்.

"உங்களுக்கா? தங்கச்சி வந்தா அவங்கதானே நிப்பாங்க?"

"அவ நிக்கமாட்டா. நான்தான் நிப்பேன்."

"பெரியவரே, இவ்வளவு உயரமா கட்டிட்டா அப்புறம் அந்தம்மாவுக்குக் கை எட்டாது. அடிக்கடி மாத்துற விஷயம் இல்ல இது, கல்லு."

"எட்ட வேண்டாம்னுதான் சொல்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"எழுதத் தெரிஞ்சுதா எனக்கு?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கரித்துண்டை எடுத்தார். என் இடுப்புக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு போட்டார். இன்று மேடை காய்ந்துகொண்டிருக்கிறது. கல் மேடை, இனி மாற்ற முடியாது. அடியில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும், சாய்க்க வேண்டாம். அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஊர் முழுக்க நெருப்புக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், பாப்பா. சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பேன், பர்னரைப் பற்ற வைத்து நீலமாக எரிகிறதா என்று பார்ப்பேன், அணைத்துவிட்டு வந்துவிடுவேன். அந்த நெருப்பில் ஒரு சட்டி வைத்ததில்லை. உன் அண்ணி இருந்தவரை அவள் சமைத்தாள், அவள் போன பிறகு முக்குக் கடையில் சாப்பிட்டேன். இப்போது மேட்டுத் தெரு தொப்பி வீட்டம்மாவிடம் தினமும் போகிறேன். முதல் நாள் சோறு பசை ஆயிற்று, கண்டக்டர் பெண் பலகையில் தாள் ஒட்ட வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மீனைச் செதிள் எடுக்காமலே பொரித்துவிட்டேன். நேற்று பருப்பு வெந்தது. உண்மையாகவே வெந்தது. அந்த அம்மா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

இதையெல்லாம் நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. நீ கொதிகலன் சுவரை ஒட்டிய அறைக்கே போனாலும் இந்த மேடை இந்த உயரத்தில்தான் இருக்கும். சந்துப் பக்கம் பார்த்த கூடம் இரண்டு கட்டில் போடும் அளவு இருக்கிறது, ஒன்று போட்டிருக்கிறேன். இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

சலவை அக்காவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தை அவளே வாங்கிப் படித்தாள். "போ. ஆனா அந்த உப்பில்லாத பருப்பைத் தின்னுட்டு ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்பே. அதுவரைக்கும் அறையை யாருக்கும் விடமாட்டேன்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நல்லவள்.

விடுதியை விட்டுப் போகும்போது பரிசாக என்ன வேண்டும் என்று வார்டன் கேட்டார். வழக்கமாகக் கொடுப்பது சுவர்க் கடிகாரம். எனக்கு நாற்காலி வேண்டும் என்றேன். கைப்பிடி வைத்தது, முதுகு உயர்ந்தது. பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டு வருகிறேன். அதைச் சமையல்கட்டு ஜன்னலோரம் போட வேண்டும், கூடத்தில் இல்லை. நான் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீங்கள் மேடையில் நில்லுங்கள். உப்பு போடுங்கள் என்று அவ்வப்போது சொல்வேன்.

மே முப்பத்தொன்று. சாயங்கால வண்டி.

பாப்பா


மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டக்டர் பெண்ணிடம் காட்டினேன். குடும்ப விஷயம்தான், இருந்தாலும் காட்டினேன். நான் சரியாகத்தான் படித்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். சரியாகத்தான் படித்திருக்கிறேன். ஏலக் கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலோரத்தில் நாற்காலிக்கு இடம் குறிக்கச் சொன்னேன். "கைப்பிடியோட சேத்து அகலம் எவ்வளவுன்னு கேட்டு எழுதுங்க, பாத்திர அலமாரியை அதுக்குத் தள்ளித்தான் வைக்கணும்" என்றார். கயிறு வைத்து அளந்து அனுப்பு. அவசரமில்லை என்று சொல்லமாட்டேன்.

எனக்கு நிறைய எழுத ஆசை. ஆனால் இன்று கை ஓடவில்லை, வரியும் ரொம்ப ஏறி இறங்குகிறது. சந்தோஷத்திலும் எழுத்து கோணும் போலிருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்கு, சலவை அக்காவுக்கு, பேத்தி பிறந்த மேற்பார்வையாளருக்கு, எல்லாருக்கும் நன்றி. என் விரலுக்கும்தான்.

வரும் ஞாயிறு ஓடு ஏற்றுகிறார்கள். அன்று வேலைக்காரர்கள் எல்லாருக்கும் நான்தான் சமைக்கிறேன். பிழைத்தார்களா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்